முறிந்த விரலும் எஃகுக் கம்பியும்

(ஆரணியில் நெசவாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆரணிப் பட்டைப் புகழ்கிறவர்கள் ஜரிகையைச் சொல்வார்கள், சாயத்தைச் சொல்வார்கள். நெய்த விரலை யாரும் சொல்வதில்லை. இன்று நான் விரலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

தொடை எலும்பு முறிந்தவனை ஊரே தூக்கிக்கொண்டு ஓடும். விரல் முறிந்தவன் என்ன செய்கிறான்? துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி தறிக்குழியில் இறங்குகிறான். பாவு பாதியில் நிற்கிறது. முகூர்த்தத்துக்குள் சேலை முடிய வேண்டும். மூன்று வாரம் கழித்து வீக்கம் வடிந்த பிறகு பார்த்தால் எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது. அறுந்த பட்டிழையைப் பிடித்து முடிச்சுப்போட அந்த விரல் மடங்குவதில்லை. கரும்பு வெட்டுகிற தோழருக்கும் இதே கதிதான். அரிவாள் பிடி நழுவுகிறது.

எல்லோரும் இப்போதே கையை மடக்குங்கள். விரல் நுனிகள் கட்டைவிரலின் அடிமேட்டை நோக்கி வரிசையாக நிற்கின்றன அல்லவா? அடிபட்ட கையை மெல்ல மடக்கும்போது ஒரு விரல் பக்கத்து விரலின்மேல் ஏறிக் குறுக்கே படுத்தால், உள்ளே எலும்பு திருகிவிட்டது என்று அர்த்தம். மடக்கவே முடியாவிட்டாலும் சந்தேகம்தான். நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

முறிவு நிற்காமல் நழுவுகிற கைக்கு டாக்டர்கள் கம்பி போடுகிறார்கள். கையை மரத்துப்போகச் செய்து, எலும்பை இழுத்து நேராக்கி, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைத் தோல் வழியாகவே துளைத்துச் செலுத்தி, துண்டுகளைக் கோத்துவிடுகிறார்கள். பல முறிவுகளுக்குக் கத்தி வைக்கவே வேண்டியதில்லை. கம்பியின் நுனி வெளியே நிற்கும். பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் உருவி எடுத்துவிடுவார்கள். 1909ல் ஜெர்மானிய டாக்டர் மார்ட்டின் கிர்ஷ்னர் கொண்டுவந்த கம்பி இது. இதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஸ்விட்சர்லாந்து டாக்டர் ஸ்டைன்மன் தடித்த ஊசி ஒன்றைக் கொண்டுவந்தார். தொடை முறிந்தவர் காலில் குறுக்கே ஊசி செலுத்தி எடை கட்டித் தொங்கவிடுவது அவர் வழி.

இத்தனை மெல்லிய கம்பி காலின் பாரத்தைத் தாங்குமா என்று கேட்கலாம். நெசவாளி இதைக் கேட்கலாமா! தொய்ந்த பாவில் நாடா ஓடாது. இழுத்துக் கட்டினால் அதே இழை விறைத்து நிற்கிறது. சோவியத் நாட்டின் சைபீரியப் பகுதியில், குர்கான் ஊரில், இலிசாரோவ் என்ற டாக்டர் 1950களில் இதைத்தான் செய்தார். எலும்பின் குறுக்கே கம்பிகளைச் செலுத்தி, சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளைப் போல் முறுக்கேற்றி, காலைச் சுற்றிய இரும்பு வளையத்தில் இறுக்கினார். நோயாளி படுத்துக் கிடக்காமல் நடந்தார். தலைநகரத்துப் பெரிய டாக்டர்கள் வெகுகாலம் அவரை மதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற புரூமெல், 1965ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டு, பல ஆபரேஷன்கள் பலிக்காமல், 1968ல் அவரிடம் போய்க் கால் கூடி மறுபடி தாண்டினார். பிறகுதான் நாடெங்கும் பேசினார்கள்.

"புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். நம் ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் கைகொடுத்த வைத்தியம் அது. கேலி செய்ய மாட்டேன். விலகாத எலும்பு மூங்கில் பத்தையிலும் கூடும். ஆனால் தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்தாலும், மூட்டுக்குள் முறிந்தாலும், விரல் திருகினாலும் கட்டு போதாது. எந்தக் கட்டானாலும் விரல் சில்லிட்டாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ அந்த நிமிஷமே தளர்த்துங்கள். ரத்த ஓட்டம் நின்றால் கையே போகும்.

கம்பி போட்டவர் அதைச் சாயத் தண்ணீரிலும் சேற்றிலும் நனைக்கக்கூடாது. கம்பி அருகே சிவந்து, சீழ் கட்டினால், கம்பி ஆடினால் மறுநாள் என்று பார்க்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். மற்ற விரல்களை டாக்டர் சொன்னபடி மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் அவையும் விறைக்கும்.

கம்பி அற்ப விலைச் சரக்கு. நெசவாளியை ஆஸ்பத்திரிக்கு வரவிடாமல் தடுப்பது கூலி இல்லாத ஆறு வாரம்! மில் தோழர்களுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இ.எஸ்.ஐ. வந்தது; வேலையில் அடிபட்டு வீட்டிலிருக்கும் நாட்களுக்கு அதில் கூலியில் நூற்றுக்கு 90 உண்டு. வீட்டுத் தறியில், முதலாளி கொடுத்த பாவை நெய்கிறவனுக்கு? சேலை இல்லையேல் கூலி இல்லை. முன்பணக் கடன் மட்டும் நிற்கிறது. 1923ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டம், திருத்தங்களுக்குப் பிறகு, கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 போயிற்று என்றது. ஆள்காட்டி விரலுக்கு 14. பாதி மடங்கும் விரலுக்கு அட்டவணையில் இடமில்லை, டாக்டர் மதிப்பிடுவதுதான். இந்தக் கணக்கைப் போட்டவர் தறியில் உட்கார்ந்தவராக இருக்க முடியாது.

ஆகவே அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, சேலைக்கு இவ்வளவு என்று கேட்பதோடு, அடிபட்ட வாரங்களுக்கு இவ்வளவு என்றும் கோரிக்கையில் எழுதுங்கள். அடிபட்டவரின் ஆஸ்பத்திரிச் சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் சங்கத்தில் காட்டி, தேதியோடு பதிந்து வையுங்கள்.