மிதிவண்டி பழகிய நாள்களும் அன்று கேட்ட சொற்களும்



நம் பள்ளிகளில் அடிக்கடி தரப்படும் கட்டுரைத் தலைப்புகளுள் 'நான் மிதிவண்டி ஓட்டப் பழகிய அனுபவம்' என்பதும் ஒன்று. நெடுங்காலம் ஆசிரியப் பணியில் இருந்த நான் அத்தலைப்பில் எழுதப்பட்ட கட்டுரைகளை நூற்றுக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். பெரும்பாலானவற்றில் மாணவன் முதற்பத்தியில் விழுவான். இரண்டாம் பத்தியில் அன்னை ஆறுதல் கூறுவார். இறுதியில் முயற்சியைப் போற்றும் குறள் ஒன்று வந்து நிற்கும். குறை மாணவரிடம் இல்லை. மிதிவண்டி பழகுவது உடலால் கற்கும் கல்வி. உடல் கற்றதைச் சொல்லில் கொண்டுவருவது பெரியவர்க்கும் அரிது. அந்த அருமையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நான் பழகியது கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். தோட்டத்திற்கும் மிதிவண்டிக்கும் இருக்கும் உறவு சிறிதன்று. 1877ஆம் ஆண்டிலேயே ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்துவிட்டன. ஆயினும் நெடுநாள் அவற்றைத் தேடுவார் அதிகம் இல்லை. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். மேலை நாடுகளில் மிதிவண்டி பெருகிற்று. ரப்பரின் தேவையும் பெருகிற்று. பின்னர் மோட்டார் வண்டியும் வந்தது. அத்தேவைக்காகக் காடழித்து உண்டாக்கிய தோட்டங்களுக்கே நம் முன்னோருள் பலர் கப்பலேறி வந்தனர். அவ்வகையில், நான் பழகிய வண்டியின் டயர் எங்கள் குடும்பத்திற்கு மூத்த உறவு.

1960களின் தொடக்கத்தில், சிறுவர்க்கெனச் செய்த மிதிவண்டியை எங்கள் லயத்துப் பிள்ளைகள் பார்த்ததில்லை. இருந்தவை எல்லாம் பெரியவர்களுடையவை. 28 அங்குலச் சக்கரம். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே ஒரு குறுக்குக் கம்பி. பால் வாளி கட்டிக் கட்டிக் கறையேறிய கேரியர். தந்தையார் விடியலில் மரம் வெட்டச் சென்று, பாலை நிறுத்துக் கொடுத்துத் திரும்பி, உண்டு உறங்கும் பிற்பகலே எங்களுக்கு வண்டி கிடைக்கும் நேரம். எட்டு வயதுச் சிறுவனுக்கு இருக்கை மார்பளவு உயரம். கம்பிக்கு மேல் கால் போட இயலாது. ஆகவே, கம்பிக்குக் கீழுள்ள இடைவெளியில் வலக்காலை நுழைத்து, உடலை ஒருபுறம் வளைத்துத் தொங்கியபடி, மிதிகட்டையை அரைச்சுற்று அழுத்தி, பின்னோக்கிச் சுழற்றி மேலே கொணர்ந்து, மீண்டும் அழுத்த வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குக் 'குரங்குப் பெடல்' என்று பெயர். பெயர் வைத்தவர் வாழ்க! இதனினும் பொருத்தமான சொல்லை எந்தக் கலைச்சொல் குழுவும் ஆக்கித் தந்துவிட முடியாது.

எனக்குப் பழக்கியவர் என் தமக்கையார். என்னினும் நான்காண்டு மூத்தவர். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, கேரியரைப் பற்றியவாறு, செம்மண் பாதையில் பின்னே ஓடிவருவார். அவர் சொன்னவை மூன்றே தொடர்கள். "சக்கரத்தப் பாக்காத தம்பி, தூரத்துல பாரு." "சாயுற பக்கமே திருப்பு." "நிறுத்தாத, மிதி." இத்தனைக்கும் அவர் ஒருநாளும் மிதிவண்டி ஏறியவர் அல்லர். பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டலாகாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. அண்ணன் பழகியபோது திண்ணையில் இருந்து பார்த்து, மனத்துக்குள்ளேயே ஓட்டிக் கற்றிருக்க வேண்டும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அவர் குரல் தொலைவிலிருந்து வந்தது. கையை விட்டுவிட்டார் என்பதை அதனால்தான் அறிந்தேன்.

அம்மூன்றனுள் இரண்டாவதை எண்ணிப் பாருங்கள். வண்டி இடப்புறம் சாய்ந்தால் வலப்புறம் திருப்பவே மனம் தூண்டும். திருப்பினால் விழுவோம். சாயும் பக்கமே திருப்பினால் வண்டி வளைந்து செல்லும், சரியும் உடலுக்குக் கீழே சக்கரங்கள் வந்து சேரும், வண்டி நிமிரும். மைக்கேல் பொலானி என்னும் அறிஞர் 1958இல் வெளியிட்ட நூலில் இதனை எடுத்துக்காட்டுகிறார். வளைவின் அளவு சாய்வுக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஒரு கணக்கில் அமைகிறது. ஓட்டுபவர் அக்கணக்கை அறியாமலே அதன்படி நடக்கிறார். கணக்கை மட்டும் அறிந்தவர்க்கோ வண்டி ஓட்ட வாராது. 'அவள் வந்தாள்' என்று வழுவின்றிப் பேசும் மூன்று வயதுக் குழந்தை விகுதியை அறிந்தா பேசுகிறது? இதனால் இலக்கணம் வேண்டா என்பது என் கருத்தன்று. தமக்கையார் சொன்னதும் விதிதான். ஆனால், வண்டி ஓடிக்கொண்டிருக்கையில், விழப்போகும் நொடியில், காதில் விழும் அளவுக்குச் சுருக்கிச் சொன்ன விதி.

தமக்கையார் போன்றோர்க்குக் காலம் பிந்தியே வழிவிட்டது. 1991இல் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், பெண்களுக்கு எழுத்தறிவோடு மிதிவண்டியையும் கற்பித்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு உறுதுணையாக நின்றார். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் ஆண்களின் வண்டியிலேயே பலர் பழகினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதனையே விரும்பியவர்களும் உண்டு. இச்செய்தியைப் படித்துத் தமக்கையாரிடம் சொன்னபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. "அந்தக் கம்பிக்கு மேல எப்படிக் கால் போட்டாங்களாம்?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த முறை இத்தலைப்பைத் தரும்போது, விழுந்த கதையை எழுதச் சொல்லாதீர்கள். பின்னால் பிடித்தவர் யார், அவர் என்ன சொன்னார், எந்தச் சொல்லால் சொன்னார் என்று எழுதச் சொல்லுங்கள். பேச்சுக்குள் 'பெடல்' என்று வந்தால் உடனே சிவப்பு மையை எடுக்க வேண்டா. பிள்ளை காதால் கேட்ட சொல் அது. மிதிகட்டை என்னும் சொல்லைத் தன் கூற்றாக எழுதும் இடத்தில் அவன் ஆளட்டும். என் வகுப்பில் ஒரு மாணவி, தாத்தா பின்னால் ஓடவே இல்லை, நடந்துதான் வந்தார், தான் அவ்வளவு மெதுவாக ஓட்டியதாக எழுதினாள். மூன்றே வரி, அதில் சந்திப்பிழை இரண்டு. இரண்டையும் திருத்திவிட்டு, வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டினேன்.