கடல் கடந்த பள்ளியில் முதற்பருவம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்வோர் வித்துரா என்னும் ஊரைக் கடந்து செல்வர். தலைநகரிலிருந்து இவ்வூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இதனைத் தாண்டிக் கல்லாற்றை அடைந்தபின் மலைப்பாதை 22 கொண்டையூசி வளைவுகளாக ஏறிச் செல்கிறது. இம்மலைகளில் போணக்காடு முதலிய இடங்களில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்த காலத்தில், அவற்றில் உழைப்பதற்காகத் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வந்து தங்கின. எங்கள் முன்னோரும் அவ்வாறு வந்தவர்களே.

நாங்கள், கணவனும் மனைவியுமாகிய இருவரும், ஆசிரியத் தொழில் செய்பவர்கள். ஒருவர் கணக்கு ஆசிரியர். மற்றவர் அறிவியல் ஆசிரியர். கேரளத்துப் பள்ளிகளிலே சில ஆண்டுகள் பணியாற்றியபின், அரபு நாடொன்றிலுள்ள பன்னாட்டுப் பள்ளி ஒன்றில் வேலை ஏற்றுச் சென்றோம். அங்கு முதற்பருவத்தில் நாங்கள் செய்த ஒரு பிழையையும், அது எங்களுக்குக் கற்பித்ததையும் நேயர்களுக்குக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம். தாய்த்தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மவருள் ஆசிரியர் பலர் உளர். அவருள் சிலரேனும் இத்தகைய பள்ளிகளை நாடிச் செல்ல எண்ணியிருத்தல் கூடும்.

பன்னாட்டுப் பள்ளி என்பது யாது? முதல் உலகப் போருக்குப் பின்னர்ச் செனீவா நகரில் சர்வதேச சங்கம் அமைந்தது. அதன் அலுவலர்கள் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்தம் பிள்ளைகளுக்காக 1924-இல் அந்நகரில் ஒரு பன்னாட்டுப் பள்ளி தொடங்கப்பெற்றது. பெற்றோர் நாடுவிட்டு நாடு மாறும்போது பிள்ளைகளின் படிப்பு அறுபடாதிருக்க வேண்டும் என்னும் தேவையே இத்தகைய பள்ளிகளைப் பெருக்கியது. 1968-இல் அதே நகரில் சர்வதேசப் பட்டயக் கல்வி அமைப்பு உருவாயிற்று. இன்று இவ்வகைப் பள்ளிகளிலே அவ்வமைப்பின் பாடத்திட்டமோ, கேம்பிரிட்ஜ் தேர்வுத் திட்டமோ, வேறொரு நாட்டின் திட்டமோ நடைபெறும்.

கற்பிப்பதற்காகக் கடல் கடப்பது நம்மவர்க்குப் புதிதன்று. பேரரசர் ஹைலி செலாசி ஆண்ட காலத்தில், கேரளத்திலிருந்து ஆசிரியர் பலர் எத்தியோப்பியாவிற்குச் சென்று அந்நாட்டுப் பள்ளிகளில் கற்பித்தனர். திருவனந்தபுரத்திற்கு அண்மையிலுள்ள மாலத்தீவுகளின் பள்ளிகளில் கேரளத்தவரும் தமிழ்நாட்டவரும் பணியாற்றி வருகின்றனர்.

தமிழறிஞர் தனிநாயகம் அடிகளின் வாழ்க்கையும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்து ரோம் நகரிற் பயின்ற அவர், திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துப் பள்ளியிற் பணியாற்றிய காலத்திலேதான் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். ஆசிரியராக இருந்தவர் மீண்டும் மாணவராகி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அவரே 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைப் பேராசிரியராக அமர்ந்தார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுவதற்கு முன்னின்று உழைத்தவரும் அவரே. பிறர்க்குக் கற்பிக்கப் புகுமுன் தாம் மாணவராக இருக்க அவர் தயங்கவில்லை. இவ்வுண்மையை நாங்கள் சற்றுக் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம்.

புதிய பள்ளியில் முதல் வாரம் வியப்பிலேயே கழிந்தது. ஆசிரியர் வகுப்பினுள் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்பதில்லை. ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைத்தனர். ஒரு கருத்தைக் கூறினால், "ஏன் அவ்வாறு?" என்று உடனே வினவினர். இஃது எங்களுக்கு முதலில் மனவருத்தம் தந்தது. மரியாதைக் குறைவு அவர்கள் உள்ளத்தில் இல்லை என்பதை அறியச் சில நாட்களாயின.

கரும்பலகையில் எங்கள் கணக்கு ஆசிரியர் ஒரு நூறாயிரத்தை 1,00,000 என்று எழுதினார். பிள்ளைகள் ஒருவரையொருவர் நோக்கினர். அவர்கள் அறிந்தது 100,000 என்னும் வடிவமே. இலட்சம், கோடி என்னும் சொற்களும் அவர்களுக்கு வழக்கிலில்லை. அன்று அதனைச் சிரித்துக்கொண்டே திருத்திக்கொண்டோம். ஆனால் அதிலிருந்து அறியவேண்டியதை நாங்கள் அன்று அறிந்தோமில்லை.

அவ்வகுப்பிலே பிரேசில் நாட்டிலிருந்து புதிதாக வந்த பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவள் தாய்மொழி போர்த்துக்கீசியம். ஆங்கிலம் மிகச் சிறிதே அறிவாள். இரண்டாம் வாரத்தில் தசம எண்களைப் பற்றிய சிறு தேர்வு நடந்தது. அவளுடைய விடைத்தாளில் 3,5 என்றும் 0,75 என்றும் காற்புள்ளியிட்ட எண்கள் காணப்பட்டன. வகுத்தற் கணக்குகளில் வகுஎண் வலப்புறத்தில் இருந்தது. கணக்கு ஆசிரியர் பெரும்பாலான விடைகளைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். தாளைப் பெற்றுக்கொண்ட சிறுமி அதனை நான்காக மடித்துப் பையினுள் வைத்துக்கொண்டாள். யாதொரு கேள்வியும் கேட்கவில்லை. அதன்பின் ஒரு மாதம்வரை அவள் கணக்கு வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. "அடிப்படைக் கணக்கு அறியாதவள், கீழ்ப்பிரிவிற்கு மாற்றுதல் நலம்" என்று ஆசிரியர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்.

ஒருநாள் அறிவியல் வகுப்பில் மாணவர்கள் வெப்பமானியைக் கொண்டு தத்தம் உடல் வெப்பத்தை அளந்து எழுதினர். அச்சிறுமி எழுதியிருந்தது 36,5. அன்றிரவு எங்கள் வீட்டில் உணவு மேசையின்மேல் இரு வகுப்புகளின் தாள்களும் கிடந்தன. அறிவியல் ஆசிரியர் அவ்வெண்ணைச் சுட்டிக்காட்டி, "இவள் முப்பத்தாறரை என்பதைத்தானே எழுதியிருக்கிறாள்? அப்படியானால் அவள் காற்புள்ளியைத்தான் தசமப் புள்ளியாகக் கொள்கிறாள்" என்றார். பழைய தேர்வின் படியை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். பிழையென்று அடிக்கப்பட்ட விடைகளுள் இரண்டு நீங்கலாக ஏனைய யாவும் சரியானவை. பிரேசிலிலும், செர்மனி, பிரான்சு, ரஷ்யா முதலிய நாடுகளிலும் தசமத்திற்குக் காற்புள்ளியே வழக்கு. வகுத்தலை எழுதும் முறையும் நாட்டுக்கு நாடு மாறுவது. இவை அரிய செய்திகள் அல்ல. கேட்டிருந்தால் அச்சிறுமியே சொல்லியிருப்பாள்.

அன்றிரவு நாங்கள் இருவரும் நெடுநேரம் உறங்கவில்லை. கணக்கு ஆசிரியர் தம் பிள்ளைப்பருவத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறினார்.

அவர் வித்துராவில் முதல் வகுப்பிற் சேர்ந்த சூன் மாதம். கேரளத்திலே பள்ளி திறப்பதும் பருவமழை தொடங்குவதும் ஒருங்கே நிகழும். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மலையாளம் தெரியாது. "குட்டிகளே" என்று ஆசிரியை அழைத்தபோது, ஆட்டுக்குட்டியைத் தேடித் திரும்பிப் பார்த்தாராம். மலையாளத்திற் குட்டி என்றால் குழந்தை. பிறகு ஆசிரியை அருகில் வந்து, "வெள்ளம் வேணோ?" என்று அன்போடு கேட்டார். வெளியிலே மழை கொட்டுகிறது. ஆற்றில் நீர் பெருகுகிறது என்று வீட்டில் பேசிக்கொண்டதையும் அப்பிள்ளை கேட்டிருக்கிறது. எனவே, "வேண்டாம்" என்று நடுங்கிச் சொல்லிவிட்டுத் தாகத்தோடு நண்பகல்வரை அமர்ந்திருந்தது. மலையாளத்தில் வெள்ளம் என்பது குடிக்கும் தண்ணீர்.

நண்பகலில் அப்பிள்ளையின் உலர்ந்த உதட்டைக் கண்ட ஆசிரியை ஐயுற்று, ஒரு குவளையில் நீர் கொண்டுவந்து முன்னே வைத்து, "வெள்ளம்" என்றார், பின், "நீ என்ன சொல்வாய்?" என்று கையாற் குறிப்புக் காட்டினார். "தண்ணி" என்றது பிள்ளை. ஆசிரியை அச்சொல்லைத் தாமும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அந்தக் குவளையை நான் மறந்துவிட்டேன்" என்று கூறினார் எங்கள் கணக்கு ஆசிரியர்.

மறுநாள் காலையில் தலைமை ஆசிரியையிடம் சென்று அறிக்கையைத் திரும்பப் பெற்றோம். மூன்று மாதத் தகுதிகாண் காலம் எங்களுக்கு இன்னும் முடியவில்லை. வித்துராவில் வீட்டுக் கடன் இருந்தது. பிழையை ஒப்புக்கொண்டால் வேலைக்கு ஊறு நேருமோ என்ற அச்சம் எங்களுக்கு இல்லாமலில்லை. தலைமை ஆசிரியை முழுதும் கேட்டார். புதிதாக வந்த ஏனைய மாணவர்களின் தாள்களையும் மறுபடி பார்க்குமாறு பணித்தார். பார்த்தோம், அவ்வாறே தவறாக மதிப்பிடப்பட்ட மாணவர் இன்னும் இருவர் இருந்தனர்.

அடுத்த கணக்கு வகுப்பில், "இவள் எழுதியது சரி, பிழை செய்தவன் நான்" என்று ஆசிரியர் அனைவர் முன்னும் கூறினார். பின்னர், மூன்றரை என்பதையும் ஒரு நூறாயிரம் என்பதையும் தத்தம் நாட்டில் எழுதும் முறைப்படி பலகையில் எழுதுமாறு ஒவ்வொருவரையும் அழைத்தார். அராபியப் பிள்ளைகள் தங்கள் எண்வடிவங்களை எழுதினர். பிரேசில் சிறுமி 100.000 என்று எழுதினாள். ஆசிரியர் தம் பங்கிற்கு 1,00,000 என்று எழுதினார். அன்று அச்சிறுமி பேசியவை நான்கைந்து சொற்களே. பருவ முடிவில்தான் கேள்வி கேட்கலானாள். கீழ்ப்பிரிவிற்கு அவள் செல்லவில்லை.

புதிய மொழியினுள் வந்து சேரும் பிள்ளைகள் சில வாரங்களோ மாதங்களோ பேசாதிருத்தல் இயல்பென்று மொழிக்கல்வி அறிஞர் கூறுவர். கனடாவில் ஆய்வு நிகழ்த்திய ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சிற்கு வேண்டும் மொழி இரண்டாண்டு அளவில் வந்துவிடினும், பாடம் கற்பதற்கு வேண்டும் மொழி நிரம்ப ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் என்று காட்டியுள்ளார். ஆதலின் மௌனத்தை அறியாமை என்று கொள்ளுதல் ஆசிரியர்க்குத் தகாது. தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே ஏற்றது என்னும் கருத்தை யுனெஸ்கோ நிறுவனம் 1953-ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தியது.

பன்னாட்டுப் பள்ளிக்குச் செல்லும் தமிழர் பலரும் தம் ஆங்கில உச்சரிப்பையும் பட்டத்தையும் எண்ணிக் கவலைப்படுகின்றனர். வேற்று மாநிலத்தில் வளர்ந்த நம்மிடம் வேறொரு செல்வம் இருப்பதை மறந்துவிடுகின்றனர். வகுப்பில் ஒரு மொழியும் வீட்டில் ஒரு மொழியுமாக வாழ்ந்த பிள்ளையின் நிலை நமக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டுவதன்று. அந்நினைவோடு வகுப்பறைக்குட் புகுவோமாயின், புதிய ஊரில் விரைவில் வேரூன்றுவோம்.

செல்ல விரும்புவோர்க்குச் சில நடைமுறைச் செய்திகள். சான்றிதழ்களுக்கு அவற்றை வழங்கிய மாநிலத்தின் வழியாகவே ஒப்பம் பெறல் வேண்டும். கேரளத்திற் பெற்றவற்றிற்கு நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் உதவும். வித்துராவில் வசித்தாலும் பட்டம் தமிழ்நாட்டில் பெற்றதாயின் தமிழ்நாட்டு அரசின் வழியே முயலவேண்டும். அதன்பின், சில நாடுகளுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். ஏனைய நாடுகளுக்கு அவற்றின் தூதரக ஒப்பமும் தேவை. இவற்றிற்கு வாரங்கள் பல ஆகலாம். இடைத்தரகர் வழிச் செல்வதாயின், அவர் அரசிடம் பதிவு பெற்ற முகவரா என்று பார்த்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும். ஒப்பந்தத்தில் தகுதிகாண் காலம், வீட்டு வாடகை, மருத்துவக் காப்பு, பிள்ளைகளின் கல்விக் கட்டணம், திரும்பும் பயணச் செலவு ஆகியவற்றைக் கையெழுத்திடுமுன் படித்தறிதல் நலம்.

பள்ளியிற் சேர்ந்தபின் முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அப்பிள்ளை சொல்லும் ஒலியிலேயே சொல்லப் பழகுக. விடை தவறாகத் தோன்றினால், முன் பயின்ற பள்ளியில் அதனை எவ்வாறு செய்தாய் என்று கேட்டபின் திருத்துக. கேம்பிரிட்ஜ் முதலிய தேர்வுகளில் விடைக்கேயன்றி வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டாதலின், கேட்டறியும் இப்பழக்கம் தேர்விற்கும் பயன்படும்.

இறுதியாக, நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகிறது. மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956-இல் அது சேர்க்கப்பட்டது. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுதல் நம் கடன். பெற இயலாத இடத்தில், வீட்டிலேனும் தமிழ் வழங்குதல் வேண்டும்.

விடுமுறையில் வித்துராவிற்குத் திரும்பியபோது நாங்கள் அந்த ஆசிரியையைக் காணச் சென்றோம். முதுமையால் அவருக்கு எங்களை நினைவில்லை. ஆயினும் வந்தவர்களை அமரச் செய்து, வழக்கம்போல், "வெள்ளம் வேணோ?" என்று கேட்டார். வேண்டும் என்றோம்.