கரையைத் திருப்பிக் கொடுத்த ஊர்



காலாங் ஆறு சிங்கப்பூரிலேயே மிக நீளமானது. இருந்தும் பத்துக் கிலோமீட்டர்தான். பன்றிப் பண்ணைக் கழிவும் தெருக்கடைக் குப்பையும் விழுந்து அது நாறிய காலம் இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1977-இல் பிரதமர் லீ குவான் இயூ அதைத் தூய்மைப்படுத்தப் பத்தாண்டுக் கெடு வைத்தார். 1987-இல் வேலை முடிந்தது, மீன்கள் திரும்பின.

ஆனால், தண்ணீர் தெளிந்த பிறகும் பிஷான் பகுதியில் அது நேர்கோட்டில் ஓடும் கான்கிரீட் வாய்க்காலாகவே இருந்தது. தும்பியின் இளவுயிரி நீருக்குள் வளர்ந்து, ஒரு புல்தண்டைப் பற்றி மேலேறித்தான் தோலுரிக்கும். வழுவழுப்பான சிமெண்டுச் சுவரில் அது எதைப் பற்றும்? நாரை எங்கே கால் ஊன்றும்?

2012-இல் அங்குள்ள பூங்கா சீரமைக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டபோது அந்தச் சுவர் இல்லை. ஆறு மூன்று கிலோமீட்டர் தூரம் வளைந்து நெளிந்து ஓடியது. கரைமண் சரியாமலிருக்க மரக்கிளைகளைக் கட்டுக்கட்டாகப் புதைத்தார்கள், கம்பிக்கூடைகளில் கல்லை நிரப்பிப் பதித்தார்கள், செடிகளை நட்டார்கள். இன்று வெள்ளம் வரும்போது கரையைப் பிடித்து நிற்பவை அந்தச் செடிகளின் வேர்கள். பொறியாளர்கள் செடியை நம்பினார்கள் என்பதைச் சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

2014-இல் அங்கே நீர்நாய்க் குடும்பம் ஒன்று வந்து தங்கியது. யாரும் பிடித்து வந்து விடவில்லை, தாமாக வந்தவை. சங்கப் பாடல்களில் வாளைமீன் தேடித் திரிகிறதே, அந்த நீர்நாய்தான்; இதே இனம் காவிரியிலும் வாழ்கிறது. காலையில் போய்ப் பாருங்கள். முன்னங்கால்கள் இரண்டாலும் மீனைப் பிடித்து, தலையிலிருந்து நறுக் நறுக்கென்று கடித்துத் தின்னும். பிறகு குடும்பத்தோடு புல்லில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொள்ளும். குட்டிகள் கீச்சுக் குரலில் தாயைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

அன்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். குட்டியோடு இருக்கும் நீர்நாயைப் படமெடுக்க நெருங்காதீர்கள். தீனி போடாதீர்கள். நாயை வாரில் பிடித்தே கூட்டிச் செல்லுங்கள். வளர்த்துச் சலித்த ஆமையையும் மீனையும் ஆற்றில் விடாதீர்கள். வெளியூர் உயிர்கள் உள்ளூர் உயிர்களின் இரையையும் இடத்தையும் பறித்துவிடும். இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள்.