ஹலப் நகரின் கல்கூரைக் கடைவீதி
(டிரஸ்ட் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வக்ஃபு என்றதும் நமக்குப் பள்ளிவாசலும் கபரஸ்தானும்தான் நினைவுக்கு வரும். கடைவீதியில் பெரும்பகுதி வக்ஃபாகவே இருந்த ஊர் ஒன்று உண்டு. சிரியாவின் ஹலப்; அலெப்போ என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள்.

கோட்டைக்கும் அந்தாக்கியா வாசலுக்கும் நடுவே, கிளைத் தெருக்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் கடைவீதி. மேலே கல்லால் வளைத்துக் கட்டிய கூரை. கூரையின் உச்சியில் விட்டு விட்டுத் திறப்புகள். வெளிச்சம் அதன் வழியே இறங்கும், வெப்பக் காற்று அதன் வழியே வெளியேறும். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளுமை. தெருவோ குறுகல். பொதி கழுதை வந்தால் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். கயிற்றுக்கு ஒரு தெரு, வாசனைச் சரக்குக்கு ஒரு தெரு, தங்கத்துக்கு ஒரு தெரு. ஒரே சரக்கை விற்பவர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தால் விலையை ஏற்றிச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

இடையிடையே 'கான்' எனும் வணிகச் சத்திரங்கள். நடுவில் முற்றம், கீழே சரக்கறை, மாடியில் வெளியூர் வியாபாரிகளுக்கு அறைகள். இரவில் வாசலின் பெருங்கதவைச் சாத்திவிட்டால், அந்தக் கதவிலேயே உள்ள சின்னக் கதவு வழியாக ஒருவர் ஒருவராகக் குனிந்துதான் நுழைய முடியும்.

இனி வக்ஃபு விஷயம். உஸ்மானிய ஆளுநர் குஸ்ரவ் பாஷா, கோட்டை அடிவாரத்தில் பள்ளிவாசலும் மத்ரஸாவும் எழுப்பினார். வடிவமைத்தவர் புகழ்பெற்ற சினான். 1546 வாக்கில் முடிந்தது. கட்டியதோடு பாஷா நிறுத்தவில்லை. கானையும் கடைகளையும் சேர்த்து வக்ஃபு செய்தார். வியாபாரி கொடுத்த வாடகையில் பள்ளியும் மத்ரஸாவும் நடந்தன. ரசீது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலையும் என் போன்றவர்களுக்கு இதைப் படித்தால் பொறாமைதான் வருகிறது!

2012 செப்டம்பரில், உள்நாட்டுச் சண்டையின் நடுவே கடைவீதி தீப்பிடித்தது. மரக்கதவும் துணியும் நிறைந்த இடம். நூற்றுக்கணக்கான கடைகள் எரிந்தன. 2014-ல் குஸ்ரவ் பாஷாவின் பள்ளியும் தகர்ந்தது.

2019-ல் ஸகதிய்யா என்ற ஒரு தெருவை, ஆகா கான் கலாச்சார அறக்கட்டளையின் முயற்சியில் பழையபடி கட்டித் திறந்தார்கள். கல்லைத் திரும்ப அடுக்கிவிடலாம். ஊரை விட்டுப் போன கடைக்காரரும் வாடிக்கையாளரும் திரும்புவதுதான் பெரிய காரியம். வாடகை கொடுக்க ஆள் இல்லாவிட்டால் வக்ஃபு ஏது?

பூட்டிக் கிடக்கும் மற்றத் தெருக்களும் திறக்க துஆச் செய்வோம்.