இரயில் நின்ற ஊர்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய இலக்கிய உரை)



சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஆங்கில இயற்கைக் கவிதைகளைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். ஐவகை நிலங்கண்டு பாடிய மரபினர்க்கு அயலார் பாடிய வயலும் வானும் எதற்கு என வினவலாம். காரணம் உண்டு.

1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே இங்கிலாந்து மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாகிவிட்டனர். அதன்பின் வந்த தலைமுறையினரே நாட்டுப்புறத்தை ஏக்கத்தோடு பாடினர். எட்வர்டு மார்ஷ் 1912 முதல் 1922 வரை வெளியிட்ட ‘ஜார்ஜியக் கவிதை’த் தொகுதிகள் ஐந்திலும் அம்மணம் கமழக் காணலாம்.

அத்தொகுதிகளில் இடம்பெறாத ஒருவரே நம் நெஞ்சை மிகத் தொடுகின்றார். எட்வர்டு தாமஸ் 1878இல் இலண்டன் மாநகரிற் பிறந்தவர். 1914 சூன் 24ஆம் நாள் அவர் ஏறிச் சென்ற இரயில், அடல்ஸ்ட்ராப் என்னும் சிற்றூரில் சிறிது நேரம் நின்றது. அந்த அமைதியை அவர் மறக்கவில்லை. போர் மூண்டபின், 1915 சனவரியில், அவ்வூர்ப் பெயரையே தலைப்பாக்கிக் கவிதை வடித்தார். 1917 ஏப்ரல் 9ஆம் நாள் பிரான்சின் அராஸ் போர்க்களத்தில் மாண்டார். அந்நிலையமும் 1966இல் மூடப்பட்டது. இன்று அதன் பெயர்ப்பலகை ஊர்ப் பேருந்து நிழற்குடையில் உள்ளது. ஊரின் பெயரோ கவிதையில் வாழ்கின்றது.

நாம் வாழவந்த மராட்டிய மண்ணிலும் அக்காலத்தே ஓர் இயற்கைக் கவிஞர் இருந்தார். 1890இற் பிறந்த திரியம்பக் பாபூஜி தோம்ப்ரே, 1907இல் ஜள்காவ் கவிஞர் மாநாட்டில் ‘பாலகவி’ எனப் பட்டம் பெற்றார். அத்திமரத்தைப் பாடிய அவர், 1918இல், இருபத்தெட்டு வயது நிறையுமுன், இரயிலில் அடிபட்டு மறைந்தார்.

அன்பர்களே! கராடியும் அண்மைக்காலம்வரை மூளா-மூட்டா ஆற்றங்கரையில் விளைநிலமாக இருந்த ஊரே. இன்று அலுவலக மாளிகைகள் வானளாவுகின்றன. சென்ற மழைக்காலத்தில் ஆற்றோரம் நடக்கையில், உடன்வந்த சிறுவன் ஒரு மரத்தைக் காட்டிப் பெயர் கேட்டான். நாம் விடையறியாது நின்றோம். அவ்வழியே வந்த மராட்டியப் பெரியவர் ‘உம்பர்’ என்றார். வீடு வந்து நூலைப் புரட்டிய பின்னரே தெளிந்தோம்: அது நம் அத்தி, சங்கப்புலவர் ‘அதவம்’ என்றதும், பாலகவி பாடியதும் அதுவே! வெட்கினோம்.

நிலம் மாறுவதைத் தடுக்கும் ஆற்றல் நமக்கு இல்லாதிருக்கலாம். பெயர்களைக் காக்கும் ஆற்றல் உண்டு. பிறந்த ஊரின் மரங்களையும் வாழும் ஊரின் மரங்களையும் இருமொழியிலும் நம் மக்களுக்குப் பெயர்சொல்லிக் காட்டுவோமாக. பெயரறியாதவன் எதனைப் பாடுவான்? எதனை இழந்தோம் என்றுதான் எங்ஙனம் அறிவான்?