கஷாயம் மட்டும் போதுமா?



மாதவிலக்கின்போது மகள் வலியால் சுருண்டு படுத்தால், தூத்துக்குடிக் கடற்கரை வீடுகளிலும் "பெண்ணாய்ப் பிறந்தால் அப்படித்தான்" என்று கஷாயம் கொடுத்துத் தேற்றுகிறோம். அது எண்டோமெட்ரியோசிஸ் நோயாகவும் இருக்கலாம். கர்ப்பப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு வெளியே வளர்வதே இந்நோய். உலகில் பிள்ளைபெறும் வயதுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது உண்டு. குழந்தைப்பேறும் தடைப்படலாம்.

மஞ்சளிலுள்ள குர்க்குமின் ஆய்வுக்கூடத்தில் இத்திசுவின் வளர்ச்சியைக் குறைத்தது. ஆனால் ஈரானில் நோயுற்ற பெண்களில் ஒரு சாராருக்குக் குர்க்குமினும், மறுசாராருக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். 2024இல் வெளியான முடிவின்படி, வலி குறைவதில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

நம் கீழாநெல்லியின் கதையும் இதுவே. 1988இல் வெளியான சென்னை ஆய்வில், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்கு அதைக் கொடுத்ததில், 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. 1990இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

மூலிகையை நாம் இகழவில்லை. பலமுறை சோதித்தபின் நம்புவோம் என்கிறோம். அதுவரை மகளின் வலியை மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹார்மோன் மாத்திரைகளால் பலருக்கு வலி தணிகிறது.