உராய்வில்லாப் பொருள்



உராய்வு அறவே இல்லாத பொருள் ஒன்று கிடைப்பின், அதனை எங்கே பயன்படுத்துவோம்? நம் குண்டலுபேட்டையிலிருந்து பந்திப்பூர், மசினகுடி வழியே உதகை ஏறும் வண்டியே விடை கூறும்.

இயந்திரத்தின் உருளையிலும் சக்கரத்தின் அச்சிலும் அப்பொருள் அமைந்தால் தேய்மானம் ஒழியும், எரிபொருள் மிஞ்சும். ஆயின், டயரிலோ பிரேக்கிலோ அது அமைந்தால், கல்லட்டியின் 36 கொண்டையூசி வளைவுகளில் உயிர் தப்புவது அரிது. ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி உயரும் கல்லாறு–குன்னூர் இருப்புப்பாதையில், வழவழத்த சக்கரத்தின் பிடி போதாமையாலன்றோ பற்சட்டம் பதித்து 1899-இல் ரயில் விட்டனர்!

ஆதலின், உராய்வைப் பகையென்று மட்டும் கொள்ளற்க. அச்சில் அதனை ஒழிப்போம். சாலையில் அதனைப் போற்றுவோம். வேண்டுமிடம் அறிந்து வைப்பதே பொறியியல்.